தாழ்ந்த காரை வீட்டிலேயே தூக்குவது எப்படி: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலோ கோவையிலோ இரண்டு மூன்று கை மாறிய ஒரு பிஎம்டபிள்யூ இசட்4, ஆடி டிடி, போர்ஷே கேமன் என்று ஏதோ ஒன்று உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய பழைய ஹோண்டா சிவிக். ஆயில் மாற்ற வேண்டும், பிரேக் பேடு பார்க்க வேண்டும், அடியில் ஏதோ சத்தம் வருகிறது. காரைத் தூக்கியாக வேண்டும். இதற்கான காணொலிகளில் எல்லாம் வழவழவென்று கான்கிரீட் போட்ட கராஜில்தான் ஆள் நிற்கிறார். நம் பக்கம் அந்தத் தரை எளிதில் கிடைக்காது. இங்கே இருப்பது காவிரி கொண்டுவந்து போட்ட வண்டலும் களியும், அதன் மேல் நாம் போட்ட டைல்ஸும் பேவர் கல்லும்தான். ஆகவே இந்தக் கட்டுரையில் காரைப் பற்றிப் பேசுவதைவிடத் தரையைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகமாகப் பேசப்போகிறேன். ஜாக்கி வழுக்கி விழும் விபத்துகளில் பாதிக்கு மேல் தரையில்தான் தொடங்கும் என்பது என் கணிப்பு.

முதலில், தூக்கத்தான் வேண்டுமா?

பிரேக் பேடு, டயர், ஷாக் அப்சார்பர் வேலைகளுக்குச் சக்கரத்தைக் கழற்றினால் போதும். உடம்பு காருக்கு அடியில் போக வேண்டியதில்லை. ஆயில், கியர் ஆயில், சைலன்சர் வேலைகளுக்கு அடியில் படுத்தாக வேண்டும். இரண்டும் வேறு வேறு ஆபத்து. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் வகையில் கை பழகிவிட்டு இரண்டாவதுக்கு வாருங்கள்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல், பங்குனி சித்திரையில் உளுந்துச் செடி, பயற்றஞ்செடி என்று எல்லாம் தார் ரோட்டுக்கு வந்துவிடும். பஸ் ஏறி மிதித்தால் காய் உடையும் என்று விரித்துப் போட்டிருப்பார்கள். மற்ற கார்கள் அதன் மேல் தாண்டிப் போய்விடும். தாழ்ந்த கார் தாண்டாது, வாரிக்கொண்டு போகும். சருகு அடித்தட்டுக்கும் சைலன்சருக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். சைலன்சர் குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஓட்டத்தில் சில நூறு டிகிரிக்குச் சூடாகும். காய்ந்த வைக்கோல் தீப்பிடிக்க அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அப்படி ஒரு ரோட்டைக் கடந்து வந்தால் சருகு இல்லாத இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, குனிந்து பாருங்கள். வெளியே தொங்குவதைக் கம்பால் இழுத்துவிடலாம். உள்ளே சுற்றிக்கொண்டதை எடுக்கத்தான் வீட்டில் தூக்க வேண்டியிருக்கும், அதுவும் நன்றாக ஆறிய பிறகு.

தரை

மூன்று கேள்வி கேளுங்கள். கெட்டியாக இருக்கிறதா, மட்டமாக இருக்கிறதா, ஜாக்கியின் சக்கரம் உருளுமா?

மூன்றாவது கேள்விதான் பலருக்குப் புதிதாக இருக்கும். சக்கரம் வைத்த ட்ராலி ஜாக்கியின் தலை நேராக மேலே ஏறுவதில்லை, வில்லாக வளைந்து ஏறுகிறது. காரும் அப்படியே. முன்பக்கத்தைத் தூக்கினால் அது பின்சக்கரத்தை அச்சாக வைத்துச் சாய்ந்தபடி எழும்புகிறது. இரண்டு வளைவும் ஒத்துப்போக வேண்டுமானால் ஜாக்கி தரையில் சில அங்குலம் உருள வேண்டும். களிமண்ணில் அதன் இரும்புச் சக்கரம் புதைந்து நின்றுவிட்டால் ஜாக்கி அசையாது, அதற்குப் பதில் தலை காரின் அடியிலிருந்து வழுக்கத் தொடங்கும். மேலே நின்று பம்ப் அடிப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

இனி நம் வீடுகளில் இருக்கும் தரைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மண் வாசல் கூடாது. கோடையில் பாளம் பாளமாக வெடித்து இரும்பு மாதிரி இருக்கும் அதே களி, ஐப்பசியில் ஒரு மழைக்குப் பிறகு கட்டைவிரலை உள்ளே வாங்கும். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் வாய்க்கால் ஓர வீடுகளில் இது இன்னும் மோசம். பலகை போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஒரு சக்கரம் கழற்ற வேண்டுமானால் பார்க்கலாம், அடியில் படுக்கும் வேலைக்குக் கூடவே கூடாது.

போர்டிகோ டைல்ஸ் பார்க்க அழகு. ஒரு ஸ்பேனரின் பின்பக்கத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பாருங்கள். 'டக்'கென்று கேட்டால் அடியில் கலவை நிறைந்திருக்கிறது. 'பொக்'கென்று கேட்டால் உள்ளே காலி. 1,400 கிலோ காரின் முன்பக்கத்தைத் தூக்கினால் சுமார் 700 கிலோ, காரைத் தாங்க அடியில் வைக்கும் இரண்டு ஸ்டாண்டுகளில் இறங்குகிறது. ஸ்டாண்டுக்கு 350 கிலோ, அதுவும் நான்கு குட்டிக் கால்களின் வழியாக. பொக்கு டைல்ஸ் அதைத் தாங்காது. விரிசல் விட்ட பிறகு ஸ்டாண்டு ஒரு பக்கம் இறங்கும். நல்ல டைல்ஸ் என்றாலும் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு அடிச் சதுரத்தில் 18 மி.மீ. பிளைவுட் போடுங்கள்.

பேவர் கல் மணல் படுக்கையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தனிக்கல் ஒன்றின் மேல் பாரம் ஏறினால் அது மட்டும் அமுங்கும். நாலைந்து கல்லையாவது சேர்த்து மூடும் கனத்த பலகை தேவை. ஜாக்கிக்குப் போடும் பலகை இன்னும் நீளமாக, இரண்டடிக்கு நாலடி இருக்கட்டும். ஜாக்கி அதன் மேலேயே உருள வேண்டும், விளிம்பில் தட்டி நிற்கக் கூடாது.

வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை உயர்த்திக் கட்டியிருப்போம், அதனால் வாசலில் சாய்தளம் இருக்கும். காரைப் பாதி ஏற்றி அங்கேயே தூக்கினால் கீழே நிறைய இடம் கிடைக்குமே என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். சரிவில் தூக்கிய கார் சரிவுப் பக்கம் போகத்தான் பார்க்கும்.

மட்டம் பார்க்கக் கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டம் போதும். அதுவும் இல்லையென்றால் ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் ஊற்றுங்கள். மெதுவாகப் பரவினால் சரி, ஒரே திசையில் ஓடினால் அந்த இடம் வேண்டாம். மழைத் தண்ணீர் வடிவதற்காகப் போர்டிகோவுக்கு வாட்டம் கொடுத்துத்தான் கட்டியிருப்பார்கள். அந்த லேசான வாட்டம் பரவாயில்லை. அப்போது தண்ணீர் ஓடும் திசையில் உள்ள சக்கரங்களுக்குக் கூடுதல் முட்டுக்கட்டை கொடுங்கள்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல இடம் உண்டு, சிமெண்ட் நெற்களம். அகலம், கெட்டி, ஏறக்குறைய மட்டம். குறுவையும் சம்பாவும் அறுத்துக் காயும் நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள், நியாயமும் இல்லை, திட்டும் விழும். மற்ற நாட்களில் ஊரில் கேட்டுக்கொண்டு பயன்படுத்தலாம். ஆயில் சொட்டினால் அடுத்த போகத்து நெல்லில் வாடை ஏறும், ஆகவே அங்கே ஆயில் மாற்றும் வேலை வேண்டாம், சக்கர வேலை மட்டும். தொடங்கும்முன் விளக்குமாற்றால் சுத்தமாகக் கூட்டிவிடுங்கள். சிந்திக் கிடக்கும் நெல்மணி ஜாக்கிக்கு அடியிலும் உங்கள் காலுக்கு அடியிலும் உருளும்.

என்னென்ன வேண்டும்

காரோடு வரும் கத்தரி ஜாக்கி வழியில் சக்கரம் மாற்றுவதற்கு மட்டும். அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டு டிராக்டருக்கு வைத்திருக்கும் பாட்டில் ஜாக்கியும் ஆகாது. எவ்வளவு டன் தூக்கினாலும் அது நிற்கும் உயரமே ஏறக்குறைய ஒரு சாண். தாழ்ந்த காரின் அடியில் நுழையவே நுழையாது.

வேண்டியது தாழ்வான ட்ராலி ஜாக்கி. சாதாரண ட்ராலி ஜாக்கியின் தலை முழுதாக இறங்கினாலும் தரையிலிருந்து 130, 140 மி.மீ. இருக்கும். தாழ்வான வகை 75 முதல் 85 மி.மீ. வரை இறங்கும். நம் ஊர்ச் சின்னக் கார்களுக்கு அடியில் 16, 17 செ.மீ. இடைவெளி இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றுக்கு 12 செ.மீ. அளவில்தான் இருக்கும். ரப்பர் பேடு வைக்க இன்னும் இரண்டு மூன்று செ.மீ. போய்விடும் என்பதையும் கணக்கில் சேர்த்து வாங்குங்கள். 2 டன் போதும். 3 டன் வாங்கினால் நல்லது, ஏனென்றால் அகலமாக உட்காரும்.

புது ஜாக்கியைக் காருக்கு அடியில் கொண்டுபோகும் முன் வெறுமனே ஏற்றி இறக்கிப் பழகுங்கள். இறக்கும் வால்வை எவ்வளவு திருப்பினால் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது கைக்குத் தெரிய வேண்டும். பல ஜாக்கிகளில் கால் திருப்புக்கும் அரைத் திருப்புக்கும் நடுவில்தான் 'மெல்ல'வும் 'பொத்தென்று'வும் இருக்கின்றன. பிறகு காரின் ஒரு மூலையைக் கொஞ்சம் மட்டும் தூக்கி, டேப்பால் அளந்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். இறங்கியிருந்தால் உள்ளே சீல் கசிகிறது. கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டு இரண்டு. இது இல்லாமல் வேலையே இல்லை. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு. பல் வைத்த வகை, குறுக்கே இரும்புப் பின் செருகும் வகை என இரண்டு உண்டு. 2020இல் அமெரிக்காவில் ஒரு கருவி விற்பனை நிறுவனம் பல் வகை ஸ்டாண்டுகளைப் பல லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. பூட்டும் நாக்கு பல்லைச் சரியாகக் கவ்வாமல் பாரத்தோடு இறங்கிவிடும் குறை இருந்ததே காரணம். அதனால் பல் வகையே தப்பு என்றில்லை. ஆனால் கடையில் வாங்கும்போதே ஒவ்வொரு பல்லிலும் நாக்கு முழு ஆழத்துக்கு உட்காருகிறதா என்று கண்ணால் பாருங்கள். எனக்கு இரும்புப் பின் செருகும் வகைதான் பிடிக்கும். மாட்டியிருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட அதில் இடமே இல்லை. ஸ்டாண்டில் அச்சடித்திருக்கும் டன் கணக்கு ஒன்றுக்கா, ஜோடிக்கா என்பதையும் படித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்முன் ஒரு கணக்கு. பல ஸ்டாண்டுகளின் குறைந்த உயரமே 27, 28 செ.மீ. அதற்கு மேல் சில செ.மீ. கார் எழும்பினால்தான் ஸ்டாண்டு உள்ளே நுழையும். உங்கள் ஜாக்கி அந்த உயரத்துக்குப் போகிறதா என்று பார்த்துத்தான் இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டும்.

மற்றவை: மரவாடியில் அறுத்து வாங்கிய இரண்டு அங்குலப் பலகை இரண்டு, அகலம் பத்து அங்குலம், நீளம் இரண்டடி, ஒரு முனை சாய்வாகச் சீவியது. முக்கோணமாக அறுத்த முட்டுக்கட்டை நாலு. தடித்த ரப்பர் பேடு மூன்று. லாரி உதிரிபாகக் கடைகளில் கெட்டி ரப்பர் கட்டை கிடைக்கும். நடுவில் ஒரு கோடு மாதிரிப் பள்ளம் வெட்டிக்கொண்டால் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு மடிப்பு அதில் உட்காரும். போல்ட்டை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று.

செங்கல், ஹாலோ பிளாக், உடைந்த ஆட்டுக்கல், எதையும் காருக்கு முட்டாக வைக்காதீர்கள். மரம் உடையும்முன் முனகும், நசுங்கும், தகவல் சொல்லும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஒன்றும் சொல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும். தடுப்புச் சுவர் தாங்குகிறதே என்பார்கள். சுவரில் பாரம் பரவி இறங்குகிறது, இங்கே ஒரு முனையில் குத்துகிறது.

எந்த இடத்தில் வைப்பது

காரின் மேனுவலைத் திறங்கள். பழைய காரோடு மேனுவல் வந்திருக்காது, பெரும்பாலும் நிறுவனத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தூக்கும் இடம் காருக்குக் கார் மாறும். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சட்டத்தில், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் குறி இருக்கும். ஆடி, ஹோண்டா போன்றவற்றில் தகட்டு மடிப்பில் இரண்டு வெட்டு, அல்லது பிளாஸ்டிக் ஓரத்தில் சின்ன முக்கோணம். பிஎம்டபிள்யூவில் செவ்வகமான கறுப்பு பிளாஸ்டிக் கட்டை. போர்ஷேவில் வட்டக் குழியோடு ஒரு திண்டு.

தொடவே கூடாத இடங்கள்: ஆயில் சேம்பர், கியர் பாக்ஸ், அடியில் மூடியிருக்கும் பிளாஸ்டிக் தட்டு, ரேடியேட்டருக்குக் கீழே உள்ள சட்டம், சைலன்சர், சப்பையான அடித்தகடு. சைடு ஸ்கர்ட் தடிமனாகத் தெரியும், ஆனால் அது வெறும் அலங்காரம், பாரம் பட்டதும் விரியும். முன்பக்கத்தில் குறுக்கே ஓடும் கிராஸ் மெம்பர் சட்டத்தில் வைக்கலாம் என்று மேனுவல் சொன்னால் வைக்கலாம். சொல்லாவிட்டால் ஊகிக்காதீர்கள். பின்பக்கம், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் கிரவுன் பெட்டியில் வைத்துத் தூக்கும் பழக்கம் அம்பாசடர், ஜீப் காலத்தது. அவற்றின் பின் ஆக்ஸில் ஒரே இரும்புக் கூடு. இந்தக் கார்களில் அந்தப் பெட்டி பெரும்பாலும் அலுமினியம், ரப்பர் புஷ்ஷில் தொங்குகிறது.

நாகை, வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, காரைக்கால் பக்கம் கார் நிற்கிறது என்றால் இன்னொரு சோதனை சேர்த்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் இந்த மடிப்பு உள்ளிருந்து துருப்பிடிக்கும். மேலே பெயிண்ட் பளபளக்கும். ஸ்குரு டிரைவர் முனையால் குறி இருக்கும் இடத்தை அழுத்திப் பாருங்கள். கொரகொரவென்று உதிர்ந்தாலோ முனை உள்ளே இறங்கினாலோ அந்த இடத்தில் ஜாக்கி வைக்காதீர்கள். அது டிங்கர் வேலை.

முட்டுக்கட்டையும் ஹேண்ட் பிரேக்கும்

ஹேண்ட் பிரேக் பொதுவாகப் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் பிடித்திருக்கும் சக்கரம் இரண்டும் அந்தரத்தில். தரையில் இருக்கும் முன்சக்கரங்கள் சுதந்திரமாக உருளும்.

"கியரில் போட்டிருக்கிறேன்" என்பார்கள். இசட்4 மாதிரிப் பின்சக்கரம் இழுக்கும் காரில் கியரும் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறது, ஆகவே பின்பக்கத்தைத் தூக்கினால் கியரும் போச்சு, பிரேக்கும் போச்சு. இழுக்கும் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கினாலும் இதே கதைதான். இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தரத்தில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருண்டுவிடும். ஆட்டோமேட்டிக்கில் 'பி'யில் போட்டாலும் அப்படியே.

ஆகவே தரையில் இருக்கப்போகும் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை, மொத்தம் நாலு. காலால் உதைத்து இறுக்குங்கள். ரோட்டோரம் கிடக்கும் உருண்டைக் கல் இதற்கு ஆகாது, டயர் தள்ளினால் அதுவும் சேர்ந்து உருளும். ஹேண்ட் பிரேக், கியர் இரண்டையும் போடத்தான் வேண்டும், ஆனால் நம்பிக்கையைக் கட்டையில் வையுங்கள். சுவிட்ச் வகை எலெக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள காரில் பின் பிரேக் பேடு மாற்றுவதாக இருந்தால் அதற்குத் தனி சர்வீஸ் முறை உண்டு, மேனுவலையும் மெக்கானிக்கையும் கேட்காமல் தொடாதீர்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால் ஜாக்கி வைக்கும்முன் அதை அணைத்துவைக்கும் வழியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்குதல்

சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே யாரும் இருக்கக் கூடாது. பானெட்டையும் டிக்கியையும் திறக்க வேண்டியிருந்தால் இப்போதே திறந்துவிடுங்கள். கூரை மடங்கும் கார்களில் ஒரு மூலையைத் தூக்கியதும் உடல் லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த நிலையில் கதவைத் திறந்தால் திரும்பச் சாத்தும்போது இடிக்கும்.

1. முன்பக்கத்தைத் தூக்குவதாக இருந்தால் முன்சக்கரங்களுக்கு எதிரே பலகைகளை வைத்து, மெல்ல ஏற்றி நிறுத்துங்கள். இரண்டு அங்குலம் கிடைத்தால் பம்பர் தட்டாமல் ஜாக்கி உள்ளே போகும், அதன் கைப்பிடியை அடிக்கவும் இடம் கிடைக்கும். பலகை வழுக்கினால் அடியில் பழைய டியூப் ரப்பர் ஒரு துண்டு போடுங்கள். அதன் பிறகுதான் பின்சக்கரக் கட்டைகள்.

2. சக்கரம் கழற்றப்போகிறீர்கள் என்றால் போல்ட்டுகளை இப்போதே அரைச் சுற்று தளர்த்திவையுங்கள். தூக்கிய காரில் ஸ்பேனரைப் போட்டு எக்கினால் கார் ஸ்டாண்டிலிருந்து நகரும். பல ஐரோப்பியக் கார்களில் ஒரு போல்ட்டுக்கு மட்டும் தனிப் பூட்டு இருக்கும். அதன் சாவித் துண்டு டூல் பையில் இருக்கிறதா என்று தூக்குவதற்கு முந்தைய நாளே தேடுங்கள்.

3. ஜாக்கியின் தலையில் ரப்பர் பேடு, அதன் பள்ளம் மடிப்புக்கு நேராக. தலை தொட்டதும் நிறுத்தி, தரையில் கன்னம் படக் குனிந்து பாருங்கள். நடுவில் உட்கார்ந்திருக்கிறதா? ஜாக்கி காருக்குச் செங்குத்தாக நிற்கிறதா?

4. இரண்டு மூன்று பம்ப், ஒரு பார்வை. மறுபடி இரண்டு மூன்று, மறுபடி பார்வை. ஜாக்கி உருள்கிறதா என்று அதன் சக்கரத்தைக் கவனியுங்கள். உருளவில்லை, பேடு நெளிகிறது என்றால் இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரு சிக்கல் வரும். தூக்கவும் அதே இடம்தான், ஸ்டாண்டு வைக்கவும் அதே இடம்தான். ஜாக்கி அங்கே இருக்கும்போது ஸ்டாண்டை எங்கே வைப்பது? மேனுவல் கிராஸ் மெம்பரை அனுமதித்தால் நடுவில் தூக்கி இரண்டு பக்கக் குறியிலும் ஸ்டாண்டு வைத்துவிடலாம், அதுதான் சுலபம். அனுமதிக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு. ஸ்போர்ட்ஸ் கார்களின் உடல் விறைப்பானது. பின்பக்கக் குறியில் தூக்கினாலே அந்தப் பக்கத்து முன்சக்கரமும் பலவற்றில் சேர்ந்து எழும்பும். அப்படி எழும்பும்போது முன்பக்கக் குறி காலியாக இருக்கும், அங்கே ஸ்டாண்டு போகும். இந்த முறையில் ஒரு பக்கம் முழுவதும் தரையை விட்டு எழும்புவதால் அந்தப் பக்கத்துக் கட்டைகளுக்கு வேலை இல்லை. அதனால் தூக்குவதற்கு முன்பே மறுபக்கச் சக்கரம் இரண்டுக்கும் கட்டை மாற்றி வைக்க வேண்டும். ஒரே குறியில் ஜாக்கியும் ஸ்டாண்டும் சேர்ந்து உட்காரும் தனி வகை ஸ்டாண்டு ஜோடிகளும் விற்கிறார்கள். விலை அதிகம், ஆனால் அடிக்கடி தூக்குகிறவர்களுக்கு அந்தக் காசு வீண் இல்லை.

5. ஒரு பக்கத்தை ஒரேயடியாக முழு உயரத்துக்கு ஏற்றாதீர்கள். இடது கொஞ்சம், ஸ்டாண்டு. வலது கொஞ்சம், ஸ்டாண்டு. வேண்டுமானால் மறுபடி இடது. ஒரு பக்கம் அதிகம் சாய்ந்தால் முதலில் வைத்த ஸ்டாண்டின் கால் தரையை விட்டுக் கிளம்பும்.

6. ஸ்டாண்டின் மேல் ரப்பர் பேடு வைத்து, நாக்கோ பின்னோ பூட்டியிருப்பதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, வால்வை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி இறக்குங்கள். பாரம் ஸ்டாண்டுக்கு மாறியதும் ஜாக்கியை எடுத்துவிட வேண்டாம். மறுபடி ஒரு பம்ப் அடித்து லேசாகத் தொட்டபடி விட்டுவையுங்கள். கழற்றிய சக்கரத்தைக் கதவுச் சட்டத்துக்கு அடியில் படுக்கப்போடுங்கள். இரண்டும் கூடுதல் காவல்.

முதல் சில முறை ஒரு முனையை மட்டும் தூக்குங்கள். முன்பக்கம் ஸ்டாண்டில் நிற்கும்போது பின்பக்கத்தைத் தூக்கினால் காரின் நகர்வு முழுவதும் முன் ஸ்டாண்டுகளைச் சாய்க்கப் பார்க்கும். நாலு ஸ்டாண்டு வித்தை கை தேர்ந்த பிறகு.

அடியில் போகும்முன்

காரின் பக்கத்தில் நின்று, இரண்டு கையாலும் நன்றாகத் தள்ளி ஆட்டுங்கள். மரியாதைக்குத் தொடுவது இல்லை, விழுந்தாலும் விழட்டும் என்று ஆட்டுவது. விழுவதானால் நீங்கள் வெளியில் இருக்கும்போதே விழட்டும். ஆடாமல் நின்றால்தான் அடியில் இடம்.

கைலி வேண்டாம். வீட்டு வேலை என்று கைலியோடு இறங்குகிறவர்கள் நம்மில் அதிகம். அடியில் நூறு கொக்கி இருக்கிறது, சட்டென்று வெளியே நகர வேண்டிய நேரத்தில் துணி மாட்டும். பேன்ட், கண்ணுக்குக் கண்ணாடி. வெளிச்சத்துக்கு பேட்டரி விளக்கு மட்டும். ஈரத் தரையில் ஹோல்டர் பல்பை ஒயரோடு இழுத்து வந்து மின்சாரத்தோடு படுக்காதீர்கள்.

வயல் ஓர வீடுகளில் நாள் கணக்கில் ஓட்டாமல் நின்ற காரின் அடித்தட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கும். எலி இருந்தால் அதைத் தேடி வருவதும் இருக்கலாம். கையை விடும் முன் விளக்கு அடித்துப் பாருங்கள், ஒரு கம்பால் தட்டுங்கள்.

தனியாக வீட்டில் இருக்கும் நாளில் அடியில் படுக்காதீர்கள். யாராவது ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும், ஜாக்கியை எப்படி ஏற்றுவது என்று அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். போன் உங்கள் பையில் இருக்கட்டும். குழந்தைகளும் நாயும் கேட்டுக்கு அந்தப் பக்கம். மானம் கருத்துக்கொண்டு வந்தால் வேலையைப் பாதியில் விட்டுத் தைரியமாக எழுந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அது எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. தூக்கிய நிலையில் இன்ஜினை ஓடவிட்டுச் சத்தம் கேட்கும் ஆசையும் வேண்டாம்.

இறக்குதல்

ஏற்றியதன் தலைகீழ் வரிசை. சக்கரத்தை மாட்டிப் போல்ட்டுகளைக் கையால் இறுக்கி, நட்சத்திர வரிசையில் ஸ்பேனரால் அளவாக முடுக்கி, ஜாக்கியால் கொஞ்சம் தூக்கி ஸ்டாண்டை எடுத்து, மெல்ல இறக்குங்கள். அடியில் ஸ்பேனர், துணி, ஆயில் தட்டு எதுவும் இல்லை என்று குனிந்து பார்த்த பிறகே வால்வைத் தொடுங்கள். தரையில் உட்கார்ந்த பிறகு டார்க் ரெஞ்ச். ஆடி டிடிக்கு 120 நியூட்டன் மீட்டர். மற்ற கார்களுக்கு மேனுவலில் பாருங்கள். காலால் ஏறி மிதித்து முடுக்குவது லாரிக்குச் சரி, அலாய் வீலுக்கு ஆகாது. 50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, சக்கரம் ஆறியிருக்கும்போது மறுபடி ஒருமுறை ரெஞ்சைப் போட்டுப் பாருங்கள்.

வழியில் பஞ்சர் ஆனால்

இந்தக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர் இருக்கும், அல்லது காற்றடிக்கும் பம்பும் ஒரு பாட்டில் பசையும். அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான். நம் ரோடுகளில் இரண்டு பக்கமும் வயல், தாரை விட்டு இறங்கினால் இளகிய மண். அந்த ஓரத்தில் ஜாக்கி போடும் நிலைமை வராமல் இருப்பதே மேல். பம்பால் காற்றடித்துக்கொண்டு மெல்ல ஒரு பஞ்சர் கடைக்குப் போய்விடுங்கள்.

அங்கேதான் நீங்கள் இறங்கி நிற்க வேண்டும். லாரிக்கும் டிராக்டருக்கும் பார்த்துப் பழகிய கை, கண்ணில் முதலில் படும் கெட்டியான இடத்தில் ஜாக்கியைக் கொடுத்துவிடும். அவர் மேல் தப்பில்லை, இந்த வண்டி அவருக்குப் புதிது. ஜாக்கி உருண்டு வரும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, அங்க வேணாம்ணே, பிளாஸ்டிக் விட்டுரும். இந்தா இந்த முக்கோணம் தெரியுது பாருங்க, இதுக்கு நேரா, இந்த ரப்பர வச்சுக் குடுங்க." அவருடைய ஜாக்கி நுழையாவிட்டால் உங்கள் பலகை இருக்க வேண்டும். ஆகவே சீவிய பலகை இரண்டு, ரப்பர் பேடு ஒன்று, முட்டுக்கட்டை இரண்டு, போல்ட் பூட்டின் சாவித் துண்டு, இவ்வளவையும் ஒரு சாக்கில் சுற்றி எப்போதும் டிக்கியில் போட்டுவையுங்கள்.